கழுவாத படிகம்

ஜூன் 9, திங்கள்

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். இனி அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மேஜையில் கிடந்த பேனா மூடியைப் பார்த்துச் சொன்னார். கணையத்தில் தொடங்கியது ஈரலுக்குப் போய்விட்டது. எவ்வளவு காலம் என்று கேட்டேன். "வீட்ல வச்சுப் பாத்துக்குங்க மேடம். அவருக்குப் பிடிச்சதக் குடுங்க" என்றார். பிடித்தது எதுவும் இவருக்குத் தொண்டையில் இறங்குவதில்லை என்று அவருக்கும் தெரியும்.

கோமதி மதினி சங்கரன்கோவிலிலிருந்து வந்திருக்கிறார். என் கணவரின் அக்கா. பையை வைத்ததும் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து, "மொகத்துல தெளிச்சி வந்துட்டு பாத்தியா? ஒரு மாசத்துல எந்திச்சி நடந்துருவ" என்றார். பிறகு சமையலறைக்கு வந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஸ்கேன் படத்தை முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எந்த இடம் வெள்ளையாக இருக்கிறது என்று எனக்கே காட்டியவர் என் கணவர். இவரிடம் போய் யாருக்காக இந்த நாடகம்.

எதற்காக எழுதுகிறேன் என்று தெரியவில்லை. லேப் நோட்டில் எழுத முடியாததை எங்கேயாவது எழுத வேண்டியிருக்கிறது.

ஜூன் 11, புதன்

"நீ என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்னா, உனக்காவே நான் சீக்கிரம் போயிருவேன். லேபுக்குப் போ உலகு" என்றார் காலையில்.

விடுப்பில் இருக்கிறேன் என்றேன். "விடுப்பு எனக்கு. உனக்கு இல்ல" என்றார். தில்லைநாயகத்தோடு வாதாடி ஜெயித்தவர்கள் இந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் யாருமில்லை. கிளம்பிப் போனேன். வீட்டிலிருந்து லேப் நடக்கிற தூரம்தான்.

எங்கள் இருவருக்கும் நடுவில் பதினோரு வருஷமாக ஒரு படிகம் கிடக்கிறது. பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் எல்லாச் சண்டைக்கும் காரணம், எல்லாச் சமாதானத்துக்கும் காரணம். காட்மியமும் ஆர்செனிக்கும் சேர்ந்த படிகம். முழு உலோகமுமில்லை, உலோகமில்லை என்று தள்ளவும் முடியாது, அரை உலோகம். மின்சாரத்தைச் சுமக்கிற எலக்ட்ரான்கள் அதில் ரொம்பக் குறைவு. இருக்கிற கொஞ்சமும் எடையே இல்லாததுபோல மேலும் கீழும் பக்கவாட்டிலும் தாராளமாக ஓடும். அதில் மாங்கனீசு அணுக்களை ஆங்காங்கே கலந்துவிடுவது என் வேலை. ஒவ்வொரு மாங்கனீசு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் கிடப்பதால் நேராகப் பேசிக்கொள்ள முடியாது. ஒன்று எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்ற செய்தியை எலக்ட்ரான்தான் மற்றதற்குக் கொண்டுபோக வேண்டும். தூரதூரமாக வீடுகள், எல்லா வீட்டுக்கும் ஒரே பால்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். பால்காரர் ஒழுங்காக வந்தால் எல்லா வீட்டிலும் ஒரே செய்தி. எல்லாக் காந்தமும் ஒரே பக்கம் திரும்பும், படிகமே காந்தமாகிவிடும். நல்ல குளிரில் வைத்தால் நிச்சயம் அப்படி நடக்கும் என்பது இவர் கணக்கு. இவ்வளவு குறைந்த எலக்ட்ரானை வைத்துக்கொண்டு செய்தி பாதி வழியிலேயே செத்துப்போகும் என்பது உலகத்தில் மற்ற எல்லோருடைய கணக்கும்.

இவர் காகிதத்திலும் பென்சிலிலும் கணக்குப் போடுகிறவர். படிகத்தை வளர்த்து அளந்து பார்க்கிறவள் நான். இதுவரை ஒரு படிகமும் காந்தமாகவில்லை. போன மாதம் மாங்கனீசை அதிகமாகக் கலந்து வளர்த்ததை இன்று வெட்டி வைத்தேன். வீடு திரும்பும்போது கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டேன். கீமோ தொடங்கியதிலிருந்து இவருக்கு எந்த வாடையும் ஆகாது. வெங்காயம் தாளித்தாலும் குமட்டுகிறது. லேபில் வாடையடிக்கிற வேலைகளையெல்லாம் மார்ச்சிலிருந்தே நான் ஒதுக்கி வைத்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

இதை நிதானமாக எழுத வேண்டும், கை ஓடுகிறது.

அளக்கிற முறை எளிது. படிகத் துண்டை ஒரு ஸ்ட்ராவுக்குள் வைத்து, ஆமாம், கூல்டிரிங்க் குடிக்கிற ஸ்ட்ராதான், அதைக் காந்தமானிக்குள் இறக்க வேண்டும். காந்தப்புலத்தை மெல்ல ஏற்றி, மெல்ல இறக்கி, எதிர்ப்பக்கமும் ஏற்றி இறக்க வேண்டும். சாதாரணப் பொருள் என்றால் கோடு போன வழியிலேயே திரும்பி வரும். காந்தம் என்றால் போன வழி வேறு, வந்த வழி வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வயிறு விழும். பதினோரு வருஷமாக அந்த வயிற்றைத்தான் தேடுகிறோம்.

இன்று விழுந்தது. ஹீலியக் குளிரில், மைனஸ் இருநூற்று அறுபத்தெட்டு டிகிரியில், அழகான வயிறு. உடனே சூட்டை ஏற்றினேன். அறை வெப்பத்திலும் அதே வயிறு, கொஞ்சமும் குறையவில்லை. இவர் கணக்குப்படி அந்தச் சூட்டில் எல்லாம் கலைந்திருக்க வேண்டும். கணக்கைவிடப் பலமாக நிற்கிறது.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு வெயிலில் ஓட்டமும் நடையுமாக வந்தேன். ஐம்பத்தொரு வயதில் ஓடினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்திருக்கும், வாட்ச்மேன் எழுந்து நின்றுவிட்டார். தலையணையை உயர்த்தி வைத்து, கண்ணாடியை மாட்டிவிட்டு, காகிதத்தை அவர் மார்பில் நிறுத்தினேன்.

வெகுநேரம் பார்த்தார். "குளிரும் சூடும் ஒண்ணுமேல ஒண்ணு உக்காந்திருக்கே" என்றார்.

"ஆமா. சூட்டுக்கு அசையவே இல்ல. பதினோரு வருசம் எத்தன பேரு சிரிச்சாங்க உங்களப் பாத்து."

காகிதத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீ சிரிச்சுத்தான் ரொம்ப நாளாச்சு."

நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு உலகு" என்றார். படத்தைச் சொன்னார்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று மதினியிடம்கூடச் சிடுசிடுக்கவில்லை. இட்லி மூன்று சாப்பிட்டேன்.

ஜூன் 21, சனி

அங்கயற்கண்ணி வந்திருந்தாள். இவரிடம் ஆராய்ச்சி செய்கிற கடைசி மாணவி, மன்னார்குடிப் பெண். சனிக்கிழமை தவறாமல் வந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். இவருக்கு அவள் அங்கை. சிக்கனமான மனிதர், பெயரில்கூட.

அவளிடம் படத்தைக் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தாள். "மேடம், ரூம் டெம்பரேச்சர்லயும் அப்படியே இருக்கா? கொஞ்சங்கூடக் குறையலையா?" என்று இழுத்தாள்.

"உலகு, எனக்குக் கொஞ்சம் வெந்நி கொண்டாயேன்" என்றார் இவர்.

மதினி கோயிலுக்குப் போயிருந்தார். நானே வெந்நீர் வைத்து, ஆற்றி, எடுத்துக்கொண்டு போனபோது இருவரும் பேசாமல் இருந்தார்கள். அங்கைக்குக் கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். வாசல்வரை கூடப் போய், "சார் முன்னாடி இப்படி அழக் கூடாதும்மா. அவருக்கு மனசு விட்டுப்போகும்" என்று சொல்லி அனுப்பினேன். "சாரி மேடம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். எதற்குக் கும்பிட்டாள் என்று தெரியவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் சட்டென்று உடைந்துவிடுகிறார்கள்.

வெந்நீரை அவர் குடிக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

இன்னொரு துண்டு வெட்டி அளந்தேன். அதிலும் வயிறு. "போ, நாளைக்கும் போய் ஒண்ணு பாரு" என்கிறார். காலையில் நான் புடவை கட்டிக்கொண்டு நின்றால்தான் முகம் தெளிகிறது. அவரை உயிரோடு பிடித்து வைத்திருப்பது மருந்தில்லை, இந்தப் படம்தான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஜூன் 27, வெள்ளி

சண்டை போட்டேன். சாகப்போகிற மனிதரோடு சண்டை போட்டேன் என்று எழுதி வைக்கிறேன், பிறகு யாராவது என்னைப் பொறுமைசாலி என்று சொன்னால் இதை எடுத்துப் படிக்கலாம்.

கட்டுரை தயாராகி ஒரு வாரமாகிறது. அனுப்பவிடமாட்டேன் என்கிறார். ஒருநாள் மூன்றாவது பத்தியில் நடை சரியில்லை. ஒருநாள் அந்தச் சொல் பொருந்தவில்லை. இன்று படம் வரைந்த கோடு மெல்லியதாக இருக்கிறதாம். கை தூக்கித் தண்ணீர் குடிக்க முடியாதவர் கோட்டின் தடிமனைப் பார்க்கிறார்.

"எத்தன நாள் இப்படித் திருத்திக்கிட்டே இருப்பீங்க? நீங்க இருக்கறப்பவே" என்று தொடங்கிவிட்டு நிறுத்தினேன்.

"இருக்கறப்பவே?"

"வெளிய வரணும். உங்க பேரோட."

"என்ன அவசரம். நான் போன பொறவு அனுப்பு."

அதைக் கேட்டதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. "பதினோரு வருசம் இதுக்குத்தான உயிர விட்டீங்க? இப்ப கையில வந்ததும் பயமா? எவனாவது குத்தம் சொல்லிருவான்னு பயப்படுதீங்களா?" என்று கத்தினேன். மதினி ஓடி வந்து என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை அவர். எதிர்த்துப் பேசியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு அழுகை வந்திருக்காது.

ஜூலை 3, வியாழன்

தண்ணீரும் இப்போது ஸ்பூனில்தான்.

ஜூலை 5, சனி

அங்கை வந்தாள். நான் லேபிலிருந்து வருவதற்குள் போய்விட்டாள். மதினி சொன்னார், "தம்பி அந்தப் புள்ளகிட்ட என்னத்தையோ சொல்லிக் கேட்டுக்கிட்டு இருந்தான். அது தலைய தலைய ஆட்டுச்சு." அவளுடைய ஆராய்ச்சியைப் பற்றி இருக்கும். இந்த நிலையிலும் மாணவியை விடுவதில்லை இவர்.

இவர் கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. மதினியிடம் நான் அதைச் சொல்லவில்லை, அவரும் என்னிடம் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

கட்டுரைக்கு ஒரு படம் குறைந்தது. மாங்கனீசு கலக்காத வெறும் படிகத்தை அளந்து, அதில் வயிறு விழவில்லை என்று பக்கத்தில் காட்ட வேண்டும். எல்லோரும் செய்கிற சம்பிரதாயம். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். இன்று செய்தேன்.

வயிறு விழுந்தது.

துண்டு மாறிவிட்டதென்று நினைத்தேன். டப்பாவின் மேல் என் கையெழுத்து, மாங்கனீசு இல்லை. இன்னொரு துண்டு வெட்டினேன். அதிலும் வயிறு. வெறும் ஸ்ட்ராவை இறக்கினேன், ஒன்றுமில்லை. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தேன். மேஜையில் படிகம் வெட்டுகிற பிளேடு கிடந்தது. ஸ்டீல் பிளேடு.

வெட்டும்போது பிளேடிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இரும்புப் பொடி படிகத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். இரும்பின் காந்தத்துக்குக் குளிரும் அறைச் சூடும் ஒன்றுதான், அசையாது. நாங்கள் தேடுகிற காந்தம் அவ்வளவு மெலிசானது, அதை மூடி மறைக்க அந்தப் பொடியில் ஒரு துளி போதும். அதனால் வெட்டிய துண்டை நீர்த்த நைட்ரிக் ஆசிட்டில் ஒரு முக்கு முக்கி, மேல்தோலைக் கரைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததில்லை. முதல் வருஷப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் இது. "வெட்டினால் கழுவு" என்று சுவரில் ஒட்டியிருக்கிறேன், பெரிய எழுத்தில்.

மார்ச்சில் ஒருநாள் லேபிலிருந்து நேராக வந்து இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் இரண்டு வாய் ரசம்சாதம் உள்ளே போயிருந்தது. என் சேலையில் இருந்த நைட்ரிக் வாடைக்கு அத்தனையும் வெளியே வந்துவிட்டது. "உன்னால இல்ல, உன்னால இல்ல" என்று சொல்லிக்கொண்டே வாந்தியெடுத்தார். மறுநாள் ஆசிட் பாட்டிலை உள்ளே வைத்துப் பூட்டினேன். புதுப் பிளேடு போட்டு மெதுவாக வெட்டினால் ஒட்டாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு அதைப் பற்றி நினைக்கவேயில்லை.

இன்று பாட்டிலை எடுத்தேன். வெறும் படிகத்தைக் கழுவி அளந்தேன். கோடு ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக இருந்தது.

அவருக்குக் குமட்டக் கூடாது என்று நான் கழுவவில்லை. இதை எந்தக் கட்டுரையில் எழுதுவது.

வீட்டுக்கு வந்து குளித்தேன். தலைக்கும் குளித்தேன்.

ஜூலை 10, வியாழன்

சொல்லவில்லை.

ஜூலை 12, சனி

நப்பாசை விடவில்லை. மேலே ஒட்டியது இரும்பென்றால் உள்ளே மாங்கனீசு ஏதாவது செய்திருக்கலாமே. கலந்த படிகத்தையும் கழுவி, ஹீலியக் குளிரில் இறக்கினேன்.

வயிறு இல்லை. புலத்தைக் காட்டினால் ஒவ்வொரு மாங்கனீசும் தனித்தனியாகத் திரும்புகிறது. எடுத்துவிட்டால் அதது இஷ்டத்துக்குப் போய்விடுகிறது. யாருக்கும் யாரோடும் பேச்சில்லை. பதினோரு வருஷமாகச் சிரித்தவர்கள் சொன்னதுதான் சரி.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் உடம்பைப் பற்றியும் யார் சமையலைப் பற்றியும் பொய் சொல்லலாம், அளந்ததைப் பற்றிச் சொல்லக் கூடாது. கல்யாணமான மூன்றாம் மாதம் அவர் பெங்களூரில் பேசப்போகிற கணக்கில் ஒரு பிழை கண்டுபிடித்தேன். புதுப் பெண்டாட்டி, சொல்லலாமா என்று இரண்டு நாள் தவித்துவிட்டுச் சொன்னேன். பேச்சையே ரத்து செய்தார். கோபப்படுவார் என்று பார்த்தால், "ரெண்டு நாள் ஏன் வச்சிருந்த?" என்று மட்டும் கேட்டார். அன்று சமையலும் அவரே செய்தார். சாம்பாரில் உப்பில்லை. அதையும் சொன்னேன். அன்றைக்குச் சிரித்த சிரிப்புக்குத்தான் இவரோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டினேன்.

இப்போது மூன்று நாளாக வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்ததும், "இன்னைக்கு என்ன பாத்த?" என்றார். உதடு வெடித்திருந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "நல்லா வருது" என்றேன். மதினி தலைமாட்டில் நின்று, "எல்லாம் சரியாயிரும்" என்றார். ஒரே அறையில் ஒரே நேரத்தில் இரண்டு பொய். போன மாதம் மதினியைப் பார்த்து எரிச்சல்பட்டேனே, நான் எந்த வகையில் உயர்த்தி.

ஜூலை 15, செவ்வாய்

"லேபுக்குப் போகலயா?" என்று கேட்டார். போனேன்.

அளக்க எதுவுமில்லை. காந்தமானி சும்மா நிற்கிறது. அதன் எதிரில் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். மீதமிருக்கிற நாட்களில் இந்த நேரத்தையும் அவரிடமிருந்து எடுத்து ஒரு மெஷினுக்குக் கொடுக்கிறேன். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்.

ஜூலை 16, புதன்

இன்றும் போனேன். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். "சீக்கிரமா வந்துட்டியே" என்றார். ஹீலியம் தீர்ந்துவிட்டது என்றேன். "நாளைக்கு வந்துரும்" என்று என்னைத் தேற்றினார்.

ஜூலை 19, சனி

நினைவு தப்பித் தப்பி வருகிறது. ஈரல் வேலை செய்யாததால் மூளைக்கு அசுத்தம் ஏறுகிறது என்று நர்ஸ் சொன்னாள். மதினியை அம்மா என்று கூப்பிட்டார். மதினி "என்னய்யா" என்று கேட்டுவிட்டு, இன்றைக்கு முழுக்க அம்மாவாகவே இருந்தார். அவரை இனிமேல் நாடகக்காரி என்று எழுத மாட்டேன்.

அங்கை வந்து கட்டிலருகில் நின்றாள். அவளைத் தெரியவில்லை அவருக்கு. வெளியே வந்து என்னிடம் எதையோ சொல்ல வாயெடுத்தாள். "மேடம், நான் உங்களுக்கு ஒண்ணு" என்று நிறுத்திவிட்டு, "ஒண்ணுமில்ல மேடம், எதுவா இருந்தாலும் கூப்பிடுங்க" என்று போய்விட்டாள்.

தெளிவாக இருக்கும்போது சொல்லிவிட வேண்டும். அவர் தன் கணக்கு சரியென்று நினைத்துக்கொண்டு போவதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று ஒரு மனம் கேட்கிறது. வேறொருவராக இருந்தால் நஷ்டமில்லை. இவரை நான் ஏமாற்றி அனுப்பினால், முப்பது வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே ஒரு காரியத்தைச் செய்யாதவள் ஆவேன். நாளையோ மறுநாளோ, கண் தெளிந்த நேரத்தில் சொல்லிவிடுவேன்.

ஜூலை 22, செவ்வாய்

மத்தியானம் மதினி அசந்து தூங்கினார். நான் கட்டிலருகில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மூச்சு கொஞ்சம் சீராக இருந்தது. கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை. இமை ஆடிக்கொண்டிருந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். "அந்தப் படத்தப் பத்தி."

"யாரு, அங்கையா?" என்றார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "மேடம் வீட்ல இருக்காளா?" என்று கேட்டார். குரலைத் தணித்துக் கேட்டார்.

"இல்ல சார்" என்று வந்துவிட்டது எனக்கு.

"லேபுக்குப் போயிட்டாளா? நல்லதாப் போச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "படத்தப் பத்தி இன்னும் என்ன சந்தேகம்? அன்னைக்கே சொன்னேன்லா. அது இரும்பு. பிளேடுல இருந்து ஒட்டினது. குளுருக்கும் சூட்டுக்கும் ஒண்ணுபோல நிக்கின்னா வேற என்ன? மொத நாள் அவ கொண்டாந்து காட்டும்போதே தெரிஞ்சுட்டு."

நான் ஸ்டூலைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளி, அங்கை உட்காருகிற தூரத்தில் உட்கார்ந்தேன்.

"மேடம்ட்ட சொல்லிராத. அத வச்சுத்தான் அவ எந்திரிச்சுக் குளிச்சு சாப்புட்டுக்கிட்டு இருக்கா. எனக்காவச் செய்யிதோம்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. இருக்கட்டும். கட்டுரைய மட்டும் அனுப்ப விடாத. நான் இருக்கவரைக்கும் நான் எதையாவது சொல்லி இழுத்துருவேன். அதுக்குப் பொறவு நீதான் பாத்துக்கிடணும்."

"சரி சார்."

"ஒரு ஆறு மாசம் போவட்டும். கழுவிட்டு இன்னொரு தடவ அளந்து பாருங்க மேடம்னு சொல்லு. அவ்வளவு போதும். மிச்சத்த அவளே கண்டுபிடிச்சிருவா. கெட்டிக்காரி."

"உங்க கணக்கு சார்?" என்றேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டேன்.

"தப்பாத்தான் இருக்கும்" என்றார். "அது கெடக்கு."

அவர் கை போர்வைக்கு வெளியே கிடந்தது. பிடித்துக்கொள்ள நீட்டிய என் கையைப் பாதியில் நிறுத்தினேன். மாணவிகளின் கையை அவர் தொட மாட்டார். என் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"சொல்லிர மாட்டியே?"

"சொல்ல மாட்டேன் சார்."

"சரி, நீ கெளம்பு. அவ வார நேரம். உன்னப் பாத்தா என்ன பேசினீங்கன்னு கேப்பா."

எழுந்து வெளியே வந்தேன். கூடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டி, சத்தம் கேட்கும்படி உதறிக் கழற்றினேன். உள்ளே போய் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வந்துட்டேங்க" என்றேன்.

"உலகா? லேப்ல இன்னைக்கு எப்படி?"

"நல்லா வருதுங்க" என்றேன்.